ஒன்பதாவது ஆள்

2025 மார்ச் 28, சேப்பாக்கம், ஐபிஎல் ஆட்டம். பெங்களூரு 196 அடித்துவிட்டது. சென்னைக்கு ஏழு விக்கெட் போய், அஸ்வினும் பெவிலியன் திரும்பிய பிறகுதான் ஒன்பதாவது ஆளாகத் தோனி இறங்கினார். 16 பந்தில் 30 ரன், கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர். அரங்கமே விசிலடித்தது. 2008க்குப் பிறகு முதல்முறையாகச் சொந்த மண்ணில் பெங்களூருவிடம் தோற்றிருக்கிறோம், அதுவும் 50 ரன்னில். டிவியில் அந்த சிக்ஸர்களையே கொண்டாடியதைப் பார்த்தால் பெண் வீட்டார் ஓடிப்போன கல்யாணத்தில் பாயசத்தைப் புகழ்கிற மாதிரி இருந்தது.

ஒரு வாரம் கழித்து தோனியின் அப்பா அம்மா மேட்ச் பார்க்க வந்தார்கள். பெற்றவர்கள் பிள்ளை விளையாடுவதைப் பார்க்கக்கூடாதா? உடனே கேமரா அங்கேயே குடியேறியது, 'ஓய்வு அறிவிப்பா?' என்று செய்தி பறந்தது. களத்தில் சென்னையின் சேஸிங் படுத்துக் கிடந்ததைச் சொல்லத்தான் ஆளில்லை.

அந்த சீசனில் சென்னைக்குப் பத்து அணிகளில் பத்தாவது இடம். சரி, இனியாவது பவர்பிளேயைப் பற்றிப் பேசுவார்கள் என்று உட்கார்ந்தால், கோட் போட்ட நிபுணர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தோனி அடுத்த வருஷம் வருவாரா, மாட்டாரா? நடுவில் மூன்று பான் மசாலா விளம்பரம், அதிலும் கிரிக்கெட்காரர்களே.