‘டிக்’ என்னும் கிளவி: செல்ஃப் எடுக்காத வண்டிக்கு இலக்கணம்

சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடை வாசலில், சாவியைத் திருகியும் அசையாமல் நிற்கும் கார் பொறியியலுக்கு உரியது என்பது பரவலான பிழை. அது சொல்லதிகாரத்துக்கு உரியது. ‘வண்டி ஸ்டார்ட் ஆகலை’ என்று ஊரே ஒரே தொடரால் இரண்டு நோய்களைக் குறிக்கிறது. செல்ஃப் சுற்றியும் எஞ்சின் பிடிக்காதது ஒன்று. செல்ஃபே எடுக்காதது மற்றொன்று. முன்னது பெட்ரோல், தீப்பொறி பற்றியது, அதை விட்டுவிடுவோம். இரண்டையும் பிரித்தறியாதோர் பெட்ரோல் முள்ளை வெறித்துக்கொண்டிருக்கும்போதே, பானெட்டுக்கு அடியில் ஒரு சிற்றொலி தன் பொருளைச் சொல்லி ஓய்ந்துவிடுகிறது என்ப. யார் ‘என்ப’ என்று கேட்கலாகாது. பெயர் சுட்டாமல் ‘என்ப’, ‘என்மனார் புலவர்’ என்று முடிப்பது தொல்காப்பியத்திலேயே உள்ள வழக்கு. தம் பழைய கட்டுரையையே ஏழு அடிக்குறிப்புகளில் மேற்கோள் காட்டும் இக்கால வழக்கைவிட அது நாணயமானது.

அச்சிற்றொலி ‘டிக்’. ‘டக்’ என்று பாடங்கொள்வாரும் உளர்; அவரை மறுப்பாரும் உளர்; இருசாராரும் பானெட்டைத் திறந்து பார்த்ததில்லை என்பாரும் உளர். அது ஒரே முறை அழுத்தமாக ஒலித்தால், செல்ஃபுக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்சான சொலினாய்டு தன் கடமையைச் செய்தது, செல்ஃப் மோட்டார் செய்யவில்லை என்று பெரும்பாலும் பொருள்: உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், தொடுமுனை கருகியிருக்கலாம். ‘டிக்டிக்டிக்டிக்’ என்று பொரிந்தால் பேட்டரி டவுன், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்து மின்சாரம் தடைப்பட்டிருக்கிறது. இங்கேதான் சிக்கல். இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ‘டிக்’ பிரித்தால் ஒரு பொருளும், சேர்த்தால் வேறொரு பொருளும் தருகிறது; எனவே அது இரட்டைக்கிளவி அன்று. அடுக்குத்தொடர் என்போமா? ஒரு சொல் நான்கு வரைதான் அடுக்கும் என்று நன்னூல் எல்லை கட்டியிருக்கிறது. இறங்கிய பேட்டரி அந்த எல்லையை ஒரு நொடிகூட மதிப்பதில்லை. சொலினாய்டை இழுக்கச் சிறிதளவு மின்சாரம் போதும். இழுத்த கணமே நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும் செல்ஃப் மோட்டார் அதே பேட்டரியின் தலையில் ஏறுகிறது. வோல்ட் சரிகிறது, சொலினாய்டு கைவிடுகிறது. சுமை நீங்கியதும் வோல்ட் நிமிர்கிறது, சொலினாய்டு மறுபடி இழுக்கிறது. கடன் கேட்டு வந்தவரைப் பார்த்துக் கதவைத் திறந்து மூடும் வீட்டுக்காரர் போல, சாவியை விடும்வரை இது நடக்கும். நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டினர். பேட்டரி இறங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. பிழை நூலினது அன்று, காலத்தினது.

‘டிக்’ தமிழ்ச்சொல்லே அன்று, அதற்கு நன்னூல் எதற்கு என்பர் சிலர். சலசல, மளமள என்பவற்றை மட்டும் நீரும் மரமும் தமிழ் படித்தா ஒலித்தன? ஒலிக்குறிப்புக்கு ஊர் கிடையாது. மெக்கானிக் இலக்கணமில்லாமலே காதால் அறிகிறாரே என்பது வலுவான மறுப்பு. உண்மைதான், அவர் அறிந்ததற்கு அடிக்குறிப்பு இடுவதில்லை, ஆகையால் அவரிடம் வண்டிகள் வருகின்றன, முனைவர் பட்டம் வருவதில்லை. மூன்றாவது மறுப்பு, வோல்ட்மீட்டர் வைத்துப் பார்த்தால் போதுமே என்பது. முழுதாக ஏறிய பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் காட்டும், சரிதான். ஆனால் டீக்கடையில் மீட்டர் கேட்டால் மின்வாரிய மீட்டரைத்தான் காட்டுவார்கள். அதனினும் எளிய கருவி ஹெட்லைட். அதைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருக, வெளிச்சம் அடியோடு மங்கினால் குற்றம் பேட்டரியிலோ டெர்மினலிலோ. பளிச்சென்றே நின்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

எந்த ஒலியுமே இல்லாவிட்டால் அதை இசையெச்சம் என்பதா குறிப்பெச்சம் என்பதா என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்குள் கிளட்சை முழுதாக மிதித்துப் பார்க்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை ‘என்’னுக்கு மாற்றிப் பார்க்கலாம்.

தீர்வு பற்றி ஆய்வாளருக்கு ஆர்வமில்லை. வாசகருக்காக மட்டும் சொல்லப்படுகிறது. மேனுவல் கியர் என்றால் சாவியை ஆன் செய்து, இரண்டாம் கியரில் போட்டு, நான்கு பேர் தள்ள, ஓட்டம் கண்டதும் கிளட்சை விடலாம். ஆட்டோமேட்டிக்கை எத்தனை பேர் தள்ளினாலும் அது அடுத்த டீக்கடைக்குத்தான் போகும். ஜம்பர் கேபிள் போடுவதானால் இன்னொரு காரிடம் கேட்க வேண்டும்; லாரியிடம் ஆகாது, பொதுவாக அது 24 வோல்ட். கடைசி நெகட்டிவ் கிளிப்பைச் செத்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் எஞ்சின் இரும்பில் மாட்டுவது முறை. பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் பொறிபட்டு வெடிக்காதிருக்க. ஒன்றுமே ஆகவில்லையென்றால் நெடுஞ்சாலை உதவி எண் 1033. எதுவானாலும், கேபிளை மாட்டும் முன் ஐந்து நிமிடம் பொறுக்குமாறு உரிமையாளர்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறோம். இரண்டே ‘டிக்’கோடு நின்றுபோகும் வண்டி அசைநிலையா பொருள்நிலையா என்பது இன்னும் முடிவாகவில்லை, வண்டி கிளம்பிவிட்டால் சான்றும் கூடவே கிளம்பிவிடுகிறது.