முன்கேள்வி: ஜாஸ் மேடை ஏறுமுன் காதில் இடத்தக்கது குறித்து ஓர் ஆராய்ச்சி

முன்கேள்வியாவது, மேடை ஏறுமுன் கலைஞர் காதில் விழும் ஒலி. கேள்வி ஈண்டுக் கேட்டலைக் குறிக்கும், வினாவைக் குறியாது. "பணம் எப்போ தருவாங்க?" என்பதும் மேடைக்கு முன் எழுவதே எனினும், அது இவ்வாய்வின் எல்லைக்குள் வாராது.

எழுதி வைத்ததை வாசிப்போருக்கு இந்தச் சிக்கல் சிறிது. ஜாஸ்காரரோ வாசிக்க வாசிக்க மெட்டை உண்டாக்குகிறவர். காதில் கடைசியாகப் புகுந்தது விரல் வழியே முதலில் வெளியேறிவிடும் அபாயம் அவருக்கு உண்டு. ஆகவே எதைக் கேட்பது என்பதில் மூன்று கட்சிகள் ஏற்பட்டன.

முதற்கட்சி, குருமார்களைக் கேள் என்னும். சான்று, சாக்ஸபோன் வித்துவான் சார்லி பார்க்கர். பதின்பருவத்தில் கான்சஸ் சிட்டி ஜாம் கச்சேரி ஒன்றில் அவர் தடுமாற, டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் வீசினார். பையன் 1937 கோடையில் ஓசார்க் மலைப்பக்கம் போய், லெஸ்டர் யங்கின் வாசிப்பை இசைத்தட்டிலிருந்து பிசகாமல் பாடம் பண்ணித் திரும்பினான். முன்கேள்விக்கு ஒரு கோடையே செலவாயிற்று. ஒப்பனை அறையில் நம் கலைஞருக்குக் கிடைப்பதோ இருபது நிமிடம். அதில் அவர் ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' போடுவார். 1959இல் பதிவானது, 16 பாருக்குள் 26 முறை கார்டு (சுரக்கூட்டு) மாறும். அந்தப் பதிவில் பியானோ வாசித்த டாமி ஃபிளானகனே தன் முறை வந்ததும் தட்டுத் தடுமாறித்தான் போகிறார். இதைக் கேட்டுவிட்டு மேடை ஏறுவது, பரீட்சை ஹால் வாசலில் வகுப்பின் முதல் மாணவனிடம் "எல்லாம் படிச்சிட்டியா?" என்று விசாரிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் கட்சி, ஜாஸ் தவிர எதையும் கேள் என்னும். இதற்கும் பார்க்கரே சான்று. பெரியவர்களை எந்தக் கட்சியும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஜூக்பாக்ஸில் அவர் கன்ட்ரி பாட்டுகளைப் போட, சக வித்துவான்கள் முகம் சுளித்தார்களாம். அதிலுள்ள கதையைக் கேளுங்கள் என்றாராம் அவர்.

மூன்றாம் கட்சி மௌனிகளுடையது. இதை மறுக்க ஒப்பனை அறை ஃபிரிட்ஜ் ஒன்றே போதும். அது யாரும் கேளாமலே சுருதி போட்டுக்கொண்டிருக்கும். கூடவே டிரம்ஸ்காரர் சோபாக் கைப்பிடியைக் குச்சியால் விளாசுவார்.

மூன்றையும் வீழ்த்தும் சித்தாந்தம் ஜெர்மனியின் கொலோன் ஓபரா அரங்கில், 1975 ஜனவரி 24 அன்று கிடைத்தது. முன்னிரவில் அங்கே ஓபரா. அது முடிந்து 11.30க்குத்தான் கீத் ஜாரட்டின் தனிப் பியானோ. கேட்டிருந்த பியானோ வரவில்லை. மேடையில் இருந்தது சின்னது. கீழ்ஸ்தாயியில் சத்தில்லை, மேல்ஸ்தாயி தகரம். அவருக்கு முதுகுவலி வேறு. 1,400 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அவர்களை இருக்கைக்கு அழைக்க அந்த அரங்கில் ஒரு மணி இருந்தது, சின்னதாய் ஒரு மெட்டோடு. ஜாரட் உட்கார்ந்தார். முதலில் விழுந்த சுரங்கள் அந்த மணியுடையவை!

அன்றைய கச்சேரியைப் பதிந்த இசைத்தட்டின் தொடக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டால் யாரோ சிரிப்பது கேட்கும். ஹெட்போன் மாட்டி மூன்று முறை சோதித்தேன். நெரிசலான பஸ்ஸில் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டதும் வருமே, அந்தச் சிரிப்பு. அங்கே கிளம்பிய வாசிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிற்று. தனிப் பியானோத் தட்டுகளில் விற்பனையில் முன்னிற்பதும் அதுவே. வேண்டுமென்றே எடுத்தாரா, காது தானாக நீட்டியதா என்று உரையாசிரியர்கள் வழக்காடட்டும். முன்கேள்வியைத் தேர்ந்தெடுப்பது கலைஞர் அல்லர், கட்டடம் என்பது நம் துணிபு.

இனி ஆய்வு நெறி பற்றி ஒரு சொல். இதை எழுத உட்காருமுன் யான் கேட்டது கீழ்வீட்டுக் குக்கரை. மூன்று விசில். கட்சிகள் மூன்றாக அமைந்ததை வாசகர் கவனித்திருக்கலாம். நான்காவதும் ஒன்று இருந்தது. அதற்குள் அடுப்பை அணைத்துவிட்டார்கள்.