கோமாளிக்குக் கடிவாளம் கேட்பவர்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா எடுக்கும் விழாக்குழுவைக் கூர்ந்து நோக்கினால், தலைவர், பொருளாளர், சென்ற ஆண்டுக் கணக்கைக் கேட்டுச் சண்டை பிடிப்பவர் ஆகிய மூவருக்கும் அடுத்தபடியாக, எந்தப் பதவியும் வகிக்காமல் எல்லாக் கூட்டத்துக்கும் வந்துவிடும் ஒருவரைக் காணலாம். வசதி கருதி அவரைக் கோமாளி ரசிகர் என்று அழைக்கலாம். பாரதக் கதை முழுவதும் அவருக்குத் தெரியும் என்றாலும், வீமனின் வீரத்தையும் கர்ணனின் கொடையையும் மற்றவர் பொறுப்பில் விட்டுவிட்டு, கோமாளி என்ன பேசலாம், எதுவரை பேசலாம், யார் உட்கார்ந்திருக்கையில் பேசலாம் என்ற ஒரே துறையில் வாழ்நாள் முழுவதும் உழைத்து வல்லுநரானவர் அவர்.

இந்த வல்லமையின் அருமை விளங்க, கூத்தின் கோமாளியாகிய கட்டியக்காரன் இன்னார் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெருக்கூத்தில் மற்ற வேடங்களுக்கு முன்பே களரிக்கு வந்து (களரி என்பது கூத்து ஆடப்படும் இடம்), திரைக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொரு வேடத்தையும் ‘நீ யாரு, எந்த ஊரு’ என்று வம்புக்கு இழுத்து, பாட்டுக்குப் பாட்டு இடையில் புகுந்து, துரியோதன மகாராசனையே ஊர்ப் பால் சொசைட்டித் தலைவரின் அளவுக்கு இறக்கிக் காட்டுபவன் அவன். வாத்தியார், அதாவது கூத்துக் குழுவாகிய ஜமாவின் தலைவர், பயிற்றுவித்த பாட்டுகள் பெரும்பாலும் பயிற்றுவித்தபடியே வந்துகொண்டிருக்க, கட்டியக்காரனின் பேச்சு மட்டும் அன்றைய கூட்டத்தைப் பார்த்து அன்றைக்கே உண்டாவதால், அதில் உள்ளூர் வழக்கு, தேர்தல், மருமகள் சண்டை, சினிமா எல்லாம் கலந்துவிடுகின்றன. அவற்றோடு பச்சையும் கலந்துவிடுகிறது. பச்சை என்பது ஆண் பெண் உறவையும் உடலுறுப்புகளையும் பற்றி மறைத்தோ மறைக்காமலோ பேசும் கொச்சைப் பேச்சு; மறைத்துப் பேசினால் அதற்கு ரெட்டை அர்த்தம் என்றும், இளைஞர்களிடையே டபுள் மீனிங் என்றும் பெயர். இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நிகழும் கூத்தில், இரண்டு மணிவாக்கில் பாய்விரித்தோர் அனைவரும் உறங்கிவிடும்போது, அருச்சுனனின் தவத்தால் எழுப்ப முடியாதவர்களைக் கட்டியக்காரனின் ஒரு வாக்கியம் எழுப்பிவிடுகிறது.

கோமாளி ரசிகரை அடையாளம் காணத் தக்க நேரமும் இதுவே. கூத்து தொடங்கும்போது அவர் மருமகள், பேரப்பிள்ளைகள், பக்கத்துத் தெருச் சம்பந்தி ஆகியோருடன் முன்வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், தோளில் துண்டுடன் அமர்ந்திருப்பார். கட்டியக்காரன் முதல் ரெட்டை அர்த்தத்தை அவிழ்த்ததும் அவர் முகம் இறுகும். தலையை இடவலமாக அசைப்பார். “ஏம்பா, பொம்பளைங்க உக்காந்து பாக்கற எடம் இது” என்று, மைக்குக்குக் கேட்காத, ஆனால் மருமகளுக்குத் தவறாமல் கேட்கிற அளவில் சொல்வார். மேலும் இரண்டு வசனங்கள் வந்தால், டீ குடிக்கப் போவதாக எழுவார். டீக்கடை கோயிலுக்குக் கிழக்கே இருந்தாலும் அவர் கால்கள் மேற்கே திரும்பி, மின்கம்பத்தின் அடியில் நிற்கும் பின்வரிசையோடு கலந்துவிடும். அங்கே அவர் வறுத்த வேர்க்கடலையைக் கொறித்தபடி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பதைக் கண்டவர் பலர் என்றாலும், பின்வரிசையில் கண்டதை முன்வரிசையில் சொல்லும் வழக்கம் அந்த ஊர்களில் இல்லை.

அன்பளிப்பு என்னும் வழக்கம் இவருக்குப் பெரிதும் உதவுகிறது. கூத்தின் நடுவே பார்வையாளர் கொடுக்கும் ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களை வாங்கிக்கொண்டு, கொடுத்தவர் பெயரையும் தெருவையும் ஒலிபெருக்கியில் அறிவித்து வாழ்த்துவது மரபு. கட்டியக்காரனின் துணிவு அன்று குறைவாகத் தென்பட்டால், கோமாளி ரசிகர் நூறு ரூபாயை ஒரு சிறுவன் கையில் கொடுத்து, ‘அந்த மாமியார் வீட்டு சமாச்சாரத்தை எடுத்து விடச் சொல்லு’ என்ற செய்தியோடு அனுப்பிவைப்பார். அறிவிப்பு பேரன் பெயரில் வரும். பேரனுக்கு வயது நான்கு.

இவர் சும்மா நடிப்பவர் என்று ஒதுக்கிவிடுவது அவசர முடிவாகும். ஏனெனில் இரண்டு வரிசைகளிலும் அவர் உண்மையாகவே இருக்கிறார். முன்வரிசையில் வரும் கூச்சமும் பொய்யன்று, பின்வரிசையில் வரும் சிரிப்பும் பொய்யன்று. அவர் கட்டியக்காரனிடம் கேட்பதெல்லாம், இருபது அடி இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வாக்கியத்தில் இருவேறு செய்தி போய்ச் சேர வேண்டும் என்பதே. தேர்ந்த கட்டியக்காரர்கள் இதைச் செய்தும் காட்டுவதால், கோரிக்கையை அநியாயம் என்றும் சொல்ல முடியவில்லை.

பொம்மை வந்து இறங்கும்போதுதான் நிலைமை சிக்கலாகிறது. விழுப்புரம் வட்டாரம் கூத்துக்குப் பேர்போனதேயன்றிப் பாவைக்குப் பேர்போனதன்று. தோற்பாவைக்கூத்து, அதாவது பதப்படுத்திய ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய உருவங்களை விளக்கொளியில் வெள்ளைத் திரைக்குப் பின்னே ஆட்டிக் கதை சொல்லும் கலை, தென்மாவட்டங்களில் மராத்தி பேசும் மண்டிகர் குடும்பங்களின் கையில் வளர்ந்தது. இராமாயணமே அதன் முதன்மைக் கதை என்றாலும், கூட்டத்தைச் சேர்த்தவர்கள் இராமனும் இலக்குவனும் அல்லர். குடுமி வைத்த உச்சிக்குடும்பனும் அவன் கூட்டாளி உளுவத்தலையனும் ஆவர். வால்மீகியோ கம்பரோ அறியாத இந்த இருவரும் கதையின் இடையிடையே புகுந்து வசவும் அடிதடியும் கொச்சையுமாகப் பேச, திரைக்குப் பின்னே ஒரே மனிதர் அத்தனை குரல்களையும் மாற்றி மாற்றித் தருவார். கலைஞர்களுக்கு ஊர்ப்புற வருமானம் சுருங்கி, அரசு விழாவும் பள்ளி மேடையும் பிழைப்பானபோது, இதே உச்சிக்குடும்பன் கை கழுவவும் சுகாதாரம் பேசவும் எய்ட்ஸ் விழிப்புணர்வு ஊட்டவும் பணிக்கப்பட்டான்.

அப்படிச் சீர்திருந்திய பாவை நிகழ்ச்சி ஒன்று கலைவிழாவிலோ பள்ளி ஆண்டுவிழாவிலோ நடந்தால், நம் ரசிகர் முதல் பத்து நிமிடம் மகிழ்ச்சியோடு பார்ப்பார். அதன்பின் அவர் முகத்தில் தோன்றுவது, உப்பில்லாப் பத்தியச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பவரின் முகம். “குடும்பத்தோட பாக்கலாம், நல்லாதான் இருக்குது, ஆனா பாக்கறதுக்குத்தான் ஒண்ணுமில்ல” என்பது அவர் தீர்ப்பு. இவருக்கு நேர்எதிராக வாதிடுபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். பொம்மை என்றாலே குழந்தைகளுக்கு உரியது, குழந்தைகள் முன் கொச்சை கூடாது என்பது அவருடைய கட்சி. “சார், குழந்தைக்கு அதெல்லாம் புரியாது, புரிஞ்சா அது குழந்தை இல்ல” என்ற கோமாளி ரசிகரின் வாதம் எளிதில் மறுக்கத்தக்கதன்று. கூத்தில் வாய் பொத்திச் சிரிக்கிறவர் பாவையிடம் மட்டும் இவ்வளவு வெளிப்படையாகப் பச்சைக்கு வாதாடுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் பேசுவது தோல்துண்டு. திரைக்கு அப்பால் இருப்பவரின் முகம் தெரியாது. எனவே கேட்பவரும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

இந்த வழக்கில் உலகம் பெரும்பாலும் அவர் பக்கமே சாய்கிறது என்பதை ஆசிரியரிடம் யாரும் சொல்லாமலிருப்பது நல்லது. ஆந்திரத்துத் தோலு பொம்மலாட்டத்தில் கேத்திகாடும் பங்காரக்காவும் பேசும் பேச்சு உச்சிக்குடும்பனையே நாணச் செய்யும். துருக்கியின் நிழற்பாவை நாயகன் காராகோஸ் கொச்சைக்கே புகழ்பெற்றவன். குடும்பப் பொழுதுபோக்கின் உருவமாகவே மதிக்கப்படும் அமெரிக்கத் துணிப் பொம்மைகளான மப்பெட்டுகள்கூட, 1976-இல் தங்கள் பெயர்பெற்ற தொலைக்காட்சித் தொடரைத் தொடங்குவதற்கு முந்திய ஆண்டில் ஒளிபரப்பிய முன்னோட்ட நிகழ்ச்சிக்குப் ‘பாலுறவும் வன்முறையும்’ என்று பொருள்படும் தலைப்பே இட்டிருந்தன; அது கேலிக்காக வைத்த தலைப்பு என்பது வேறு. அதே பொம்மைகள் 2015-இல் காதல் முறிவும் படுக்கையறைக் கிண்டலுமாக வயது வந்தோருக்கான தொடரில் மீண்டும் வந்தபோது, பெற்றோர் அமைப்பு ஒன்று கண்டித்தது. பழைய ரசிகர்களிலும் ஒரு சாரார் பொம்மைகள் கெட்டுப்போயின என்றனர். தொடர் ஒரே பருவத்தோடு 2016-இல் நின்றுபோயிற்று. திண்டிவனத்து டீக்கடையில் தினமும் எழும் வழக்கு அமெரிக்காவிலும் எழுந்தது என்பதில் வியப்பில்லை. அங்கே டீக்கடை இல்லாததால்தான் தீர்ப்பு அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது போலும்.

சட்டம் இதில் சொல்லியிருப்பதையும் நம் ரசிகர் அறிவார், தமக்கு வேண்டிய அளவுக்கு. எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் நோக்கோடு 1954-இல் வந்ததாகப் பரவலாகக் கருதப்படும் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. ஆயினும் விழாவுக்கு அனுமதி கேட்டுக் காவல்நிலையம் போனால், ஆபாச வசனம் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் திரும்ப வேண்டியிருக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசு விலக்கு அளிக்கலாம். விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் ஊரில் கூத்து தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். எழுத்துப் பிசகாத ஊர் இதுவரை கண்ணில் படவில்லை.

திருவிழா முடிந்து, தீமிதியின் சாம்பல் ஆறி, கணக்கு கேட்பவர் கணக்கு கேட்டு முடித்ததும், அடுத்த ஆண்டுக்கு எந்த ஜமாவை அழைப்பது என்ற பேச்சு வரும். அப்போது முதலில் எழுந்து, இந்த ஆண்டு வந்தவர்கள் வரம்பு மீறிப் பேசினார்கள், தாய்மார்கள் முகம் சுளித்தார்கள், இனிமேல் குடும்பத்தோடு பார்க்கத்தக்க கூத்துதான் வேண்டும் என்று நிபந்தனையை எழுத்திலேயே வாங்க வேண்டும் என வலியுறுத்துபவர் கோமாளி ரசிகரே. தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறும்; ஆசிரியர் கைதட்டுவார். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்துவிட்டு வரும் பொறுப்பும், வேறு யாரும் முன்வராததால், அவர் தலையிலேயே விழும். நிபந்தனைத் தாளை ஜமா வாத்தியாரிடம் நீட்டி, அவர் படித்துக் கையெழுத்திடும்வரை பொறுத்திருந்து, பணத்தை எண்ணிக் கொடுத்த பின்பு, குரலைத் தாழ்த்தி அவர் கேட்பது இவ்வளவுதான்: “வாத்தியாரே, கட்டியக்காரன் அதே ஆள்தானே வருவாரு?”