பார்வை: தாங்கள் இன்னும் எழுதாத பதில் கடிதம்

பெறுநர்: வெளிநாட்டவர் அலுவலகம், ரைன் ஆற்றங்கரை நகரம் ஒன்று, ஜெர்மனி.

அனுப்புநர்: மன்னார்குடியைச் சேர்ந்த கணினிப் பொறியாளன். தங்கள் கோப்பின்படி, அவன் அப்பா.

பொருள்: வசிப்பு அனுமதி நீட்டிப்பு கோருதல், இயலாவிடில் தங்கள் அலுவலகத்தை ஒலிபரப்புக் கட்டணத் துறையிடம் ஒப்படைக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, அம்மையீர்,

வணக்கம். முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் தங்கள் அரசு இந்தியாவுக்கென்றே ஒரு திட்டம் போட்டு, திறன்பெற்ற இந்தியர்களுக்கு ஆண்டுக்கு வழங்கும் விசாவை 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. செய்தி வந்த அன்றே என் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டுப் பையன் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டான். எனக்கு மட்டும் தங்கள் காத்திருப்பு அறை ஞாபகத்துக்கு வந்தது. அங்கே சுவரோரம் கிடக்கும் நாற்காலிகளில் ஒன்றுக்குக் கால் ஆடும். தெரிந்தவர்கள் அதில் உட்கார மாட்டார்கள். தொண்ணூறாயிரம் பேரில் ஒரு நூறு பேர் இந்த நகரத்துப் பக்கம் ஒதுங்கினாலும் அந்த நாற்காலியிலும் ஆள் உட்கார வேண்டிவரும். விருந்துக்கு அழைப்பது டெல்லியில் கைகுலுக்கும் பெரியவர்கள், இலை போட வேண்டியது தாங்கள். தங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது.

பதில் வராததைப் பார்த்தால் என் கோப்பு தங்களுக்குக் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அதற்குப் பெயர்க் குழப்பம் காரணமாக இருக்கலாம். எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு பெயர்தான். முன்னால் அப்பா பெயரின் முதலெழுத்து நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டோம். அன்றிலிருந்து இந்த நாட்டில் நான் திரு. சுப்பிரமணியன். எங்கள் ஊர் ஹரித்ராநதிக் குளக்கரையில் மாலை நடை போவதைத் தவிர வேறெங்கும் போக விரும்பாத என் அப்பா, இங்கே மாதாமாதம் சம்பளம் வாங்குகிறார், வரி கட்டுகிறார், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிறார். என் மனைவி அவள் அப்பா பெயரில் திருமதி கோவிந்தராஜன். இங்கே பிறந்த பையனுக்கு என் பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால் அவன் திரு. கார்த்திகேயன். ஆக ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். இந்த ஊர் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பும். பெட்டியில் பெயர் எழுத விட்டிருக்கும் இடம் இரண்டு விரல் அகலம். அதில் சுப்பிரமணியன், கோவிந்தராஜன், கார்த்திகேயன் மூவரையும் எறும்பெழுத்தில் அச்சடித்து ஒட்டியிருக்கிறேன். நாங்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளும் மூன்று அந்நியர்கள் என்றும், அதில் இருவருக்குள் ஏதோ இருக்கிறது என்றும் மாடிவீட்டுப் பாட்டி ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

வந்த புதிதில் பட்டதை விரிவாகச் சொல்லப்போவதில்லை. வீடு கேட்டால் கடன் ஒழுங்குச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்று இந்த நாட்டில் ஏற்கெனவே கணக்கு வழக்கு வைத்திருப்பவருக்குத்தான் உருப்படியாகக் கிடைக்கும். வீடு கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். பதிந்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது வரும்வரை சம்பளத்தில் பல நேரம் ஆறாம் வகுப்பு வரி, அதாவது இருப்பதிலேயே அதிகப் பிடித்தம். எல்லாப் புதியவரும் பட்டதுதான், விடுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நகராட்சியில் பதிந்த மை காய்வதற்குள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. பெயரில் ஓர் எழுத்துப் பிழையில்லை. மாடி, முகவரி எல்லாம் கச்சிதம். பிரித்தால், பொது ஒலிபரப்புக்கான கட்டணம் கட்டச் சொல்லியிருந்தது. மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இருக்கிறதா, ரேடியோ இருக்கிறதா, காது கேட்கிறதா என்றெல்லாம் விசாரணை கிடையாது. 2013-லிருந்து வீடு ஒன்றுக்குக் கட்டணம் ஒன்று, அவ்வளவுதான். நகராட்சியில் யார் புதிதாகப் பதிந்தாலும் தகவல் தானாக அவர்களுக்குப் போய்விடுகிறது. விண்ணப்பம் இல்லை, நேர்காணல் இல்லை, கைரேகை இல்லை, பத்து வருஷத்துச் சம்பளச் சீட்டு இல்லை. நான் இருக்கிறேன் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அன்றுதான் எனக்கு இந்த யோசனை உதித்தது. நான் இருக்கிறேனா, எங்கே இருக்கிறேன், எத்தனை நாள் இருப்பேன் என்று தாங்கள் மாதக்கணக்கில் ஆராய்கிறீர்கள். அந்தத் துறையோ கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடுகிறது. ஆகவே வெளிநாட்டவர் விவகாரம் முழுவதையும் அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். கட்டண அறிவிப்போடு வசிப்பு அட்டையையும் அதே உறையில் வைத்து அனுப்பட்டும். 18.36-க்குப் பதில் இருபதாகக் கேட்டாலும் கட்டத் தயார். இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். சட்டம் போட்டும் பார்த்தாயிற்றே! 2017-ல் போட்ட ஒரு சட்டப்படி 575 அரசுச் சேவைகள் 2022 முடிவதற்குள் இணையத்துக்கு வந்திருக்க வேண்டும். அந்தக் கெடு எங்களைக் கடந்து போனபோது தங்கள் அலுவலகத் தொலைபேசியில் காத்திருப்போருக்கான பியானோ இசை ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்து, தொழில் விவகாரம். தாங்கள் அழைத்து வந்தது என்னை. என் கையில் இருப்பது ப்ளூ கார்டு. அதை வைத்துக்கொண்டு நான் சம்பளத்துக்கு வேலை பார்க்கலாம். சொந்தமாகத் தொழில் செய்யத் தங்கள் தனி அனுமதி வேண்டும். தாங்கள் அழைக்காத, என்னோடு வந்த என் மனைவிக்குக் குடும்ப வழி அனுமதி. சட்டப்படி அவள் வேலையும் பார்க்கலாம், தொழிலும் செய்யலாம். எனவே நாங்கள் இட்லி மாவு வியாபாரம் தொடங்கியபோது இயல்பாகவே அவள் முதலாளி ஆனாள். கோயம்புத்தூர் கிரைண்டர் கப்பலில் வந்தது. சனிக்கிழமைகளில் மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு நான் படியிறங்குகிறேன். அந்த நேரத்தில் நான் மனைவிக்கு ஒத்தாசை செய்யும் கணவனா, அனுமதியின்றித் தொழில் நடத்தும் வெளிநாட்டவனா? விளக்கம் கேட்டுத் தங்களுக்கு எழுதினேன். பதில் வரும்வரை, வாளியோடு இறங்கும்போது முகத்தில் கணவன் களையை விடாமல் வைத்துக்கொள்கிறேன். அது ஒன்றும் பெரிய சிரமமில்லை.

தொழிலைப் பதிவது சுலபம், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு படிவம், சின்னக் கட்டணம், முடிந்தது. பிறகுதான் பெட்டி நிறையும். வரி அலுவலகத்திலிருந்து பக்கம் பக்கமாகக் கேள்வித்தாள், தொழில் வர்த்தக சபையிலிருந்து கட்டாய உறுப்பினர் ஆனதற்கு வாழ்த்து, விபத்துக் காப்பீட்டுச் சங்கத்திலிருந்து ஆள் வைத்திருக்கிறீர்களா என்று விசாரிப்பு. அவளுக்கு 11 இலக்க எண் முன்பே இருந்தது. தொழிலுக்கென்று வேறொரு வரி எண் வந்தது. மதிப்புக் கூட்டு வரிக்கு இன்னொன்று உண்டு. ஆண்டு விற்பனை 25,000 யூரோவுக்குள் இருப்பதால் அந்த வரியிலிருந்து தப்பித்தோம். இவையெல்லாம் போதாதென்று 2024 நவம்பரிலிருந்து தொழில்களுக்குப் புதிதாக ஓர் அடையாள எண்ணும் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். உளுந்துக்கு மட்டும்தான் இன்னும் எண் வரவில்லை.

வீட்டு அடுப்படியில் அரைத்து விற்கக் கூடாது என்றதால், ஒரு பேக்கரியின் பின்கட்டை அவர்கள் விடுமுறை நாளில் வாடகைக்கு எடுத்தோம். உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் வந்தார். கையுறை, வெப்பமானி, கையில் பலகை. ஃபிரிட்ஜைத் திறந்தார். ஒரு பாக்கெட்டை எடுத்து விரலால் அமுக்கினார்.

"உப்பியிருக்கிறதே?"

"புளிக்கிறது" என்றாள் மனைவி.

"அதாவது, கெட்டுக்கொண்டிருக்கிறது?"

"இல்லை. நன்றாகிக்கொண்டிருக்கிறது."

அவர் பேனா அந்தரத்தில் நின்றது. அவருடைய படிவத்தில் நன்றாகிக்கொண்டிருக்கும் பொருளுக்குக் கட்டம் இல்லை. நல்லவேளை, பேக்கரிக்காரர் ஏதோ எடுக்க வந்தவர், பேச்சைக் கேட்டுவிட்டுத் தன் புளித்த ரை மாவு டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினார். ஆய்வாளர் அதை முகர்ந்தார், எங்கள் பாக்கெட்டை முகர்ந்தார், மறுபடி அதை முகர்ந்தார். பிறகு பலகையை மேஜைமேல் வைத்துவிட்டு, குளிர்காலத்தில் எப்படிப் புளிக்க வைக்கிறீர்கள் என்று கேட்டார். ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டுவிடுவோம் என்று சொன்னதும், தன் மனைவியும் ரொட்டி மாவுக்கு அப்படித்தான் செய்வாள் என்றார். ஒவ்வாமைப் பொருள் பட்டியலை லேபிளில் ஜெர்மனில் அச்சடிக்கச் சொன்னார், கடைசித் தேதியை முன்னால் தள்ளச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். ஆளை நேரில் பார்த்து, பொருளை முகர்ந்து, அரைமணியில் முடிந்த அரசு வேலை அது. அவரையும் தங்கள் அலுவலகத்துக்கு மாற்றல் கேட்டுப் பார்க்கலாம்.

கல்யாணச் சான்றிதழைப் பற்றியும் எழுத வேண்டும். பையனின் பிறப்பைப் பதியப் போனபோது எங்கள் கல்யாணம் நிஜம்தானா என்ற கேள்வி வந்தது. ஆவணங்களுக்கான அப்போஸ்டில் முத்திரை உடன்பாட்டில் இந்தியா 2005-லேயே சேர்ந்துவிட்டது. ஆனால் ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்ததால் இந்த இரு நாடுகளுக்கிடையே அந்த முத்திரை செல்லாது. ஆகவே தூதரகம் அமர்த்திய ஆள் ஊருக்கே போய் விசாரிக்க வேண்டும். மன்னார்குடிக்கு ஒருவர் போனார். பதிவு அலுவலகத்தில் பழைய ஏடுகளைப் புரட்டினார், தெருவில் நாலு பேரைக் கேட்டார். என் அத்தை, சான்றிதழ் எதற்கு என்று மொய் நோட்டையே எடுத்து நீட்டியிருக்கிறாள். தேதி, முகூர்த்தம், யார் யார் வந்தார்கள், யார் ஐநூறு, யார் நூற்றொன்று, யார் வந்து சாப்பிட்டுவிட்டு எழுதாமலே போனார்கள் என்பது வரைக்கும் அதில் இருக்கிறது. மொய் நோட்டில் போலி எழுத முடியாது, திருப்பிச் செய்யவேண்டியிருக்குமே! தங்கள் நாட்டுப் பதிவகம் அதை ஏற்க ஒரு சுற்றறிக்கை விட்டால் பல மாதக் காத்திருப்பு மிச்சம்.

இதையெல்லாம் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணையிடம் சொல்லிப் புலம்பினேன். 83 கலவரத்துக்குப் பிறகு வந்தவர். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்த காலத்தில், ஒதுக்கிய மாவட்டத்தைத் தாண்டிச் செத்த வீட்டுக்குப் போவதென்றாலும் முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்க வேண்டியிருந்ததாம். "தம்பி, உங்களை அவங்கள் வாங்கோ எண்டு கூப்பிட்டவங்கள். எங்களை ஒருத்தரும் கூப்பிடேல்லை" என்றார். பிறகு, "ஒரு கடதாசியையும் எறிஞ்சுபோடாதேங்கோ" என்றார். அவர் வீட்டு அலமாரியில் நாற்பது வருஷக் கோப்புகள் முதுகு காட்டி நிற்கின்றன. தங்கள் அலுவலகத்தில் எந்தக் கோப்பு தொலைந்தாலும் நகலுக்கு அவரை அணுகலாம்.

இனி என் கோரிக்கை. அட்டை காலாவதியாகப் போகிறது. அதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால் பழைய அனுமதி தொடர்வதாகவே கொள்ளப்படும் என்று வசிப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் சென்னை விமான நிலையத்தில் பெட்டியை எடை போடுகிறவருக்கு அந்தப் பிரிவைப் பற்றி யாரும் சொல்லிவைக்கவில்லை. அவர் அட்டை கேட்பார். அட்டை இல்லையென்றால் குறைந்தபட்சம் தங்கள் முத்திரை குத்திய இடைக்காலச் சான்றையாவது கேட்பார். அதை வாங்கவும் டெர்மின், அதாவது முன்பதிவு செய்த சந்திப்பு நேரம், வேண்டும். டெர்மின் இணையதளத்தில் 'தற்போது காலியிடம் இல்லை, பிறகு முயலவும்' என்றிருக்கிறது. அப்பாவின் சதாபிஷேகம் தை மாதம். ஆயிரம் பிறை கண்டவரிடம் போய், ஜெர்மனியில் டெர்மின் கிடைக்கவில்லை, இன்னும் இரண்டு பிறை பார்த்துவிட்டுச் செய்துகொள்ளலாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தாங்கள் மறுப்புக் கடிதத்தைக்கூட நட்பார்ந்த வணக்கத்தோடுதான் முடிப்பீர்கள் என்று தெரியும். அதே வணக்கத்தோடு நானும் முடிக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சுப்பிரமணியன் மகன் கார்த்திகேயன்

பின்குறிப்பு: தங்கள் முகப்பில் உட்காரும் அம்மையார் சென்றமுறை என் மனைவியிடம் தோசை மாவைப் பற்றி ஆர்வமாக விசாரித்தார். அரசு ஊழியருக்குச் சும்மா கொடுப்பது இங்கே பெரிய குற்றம் என்பதால் ரசீதோடு விலைக்குத்தான் தர முடியும். பேக்கரியின் பின்வாசலுக்கு வரச் சொல்லுங்கள், சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. டெர்மின் தேவையில்லை.