ஜெனரேட்டர் தனி ஆவர்த்தனம்

பரணைச் சுத்தம் செய்ய ஏறினேன். எலிப்புழுக்கைக்கு நடுவே ஒரு கேசட் கிடந்தது. மேலே என் கோழிக்கிறுக்கல்: ‘மல்லாங்கிணறு பொங்கல் கச்சேரி. அழிக்காதே.’ அழிக்காதேக்குக் கீழே மூன்று கோடு. வானொலியில் ஒலிச்சித்திரம் வந்தால் கைக்குக் கிடைத்த கேசட்டைப் பலிகொடுக்கும் சித்தப்பா ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார்.

எலக்ட்ரானிக் இசைக்குழு என்றால் விவரம் தெரிந்தவர்கள் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க்கைச் சொல்வார்கள். 2005இல் வந்த அவர்களுடைய ‘மினிமம் மாக்சிமம்’ மேடைப் பதிவை நானும் கேட்டிருக்கிறேன். வார்சா, மாஸ்கோ, டோக்கியோ என்று ஊர் ஊராகப் பிடித்தது. நான்கு பேர் பத்திர ஆபீஸ் குமாஸ்தாக்கள் மாதிரி வரிசையாக நிற்பார்கள். ரோபோ பாட்டுக்கு அவர்களும் இறங்கிப்போக, பொம்மைகள் நிற்கும். பிசிறே இருக்காது.

எங்கள் பதிவில் பிசிறுதான் அதிகம். 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரை வைத்து இசையமைத்தாலும் அமைத்தார், கீபோர்டு இல்லாத குழுவை ஊர்க்கமிட்டி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வந்தவர்களிடம் ஒரு கேசியோ, ஒரு ஆக்டோபேட்.

டேப்ரிக்கார்டரில் பெல்ட் தொய்ந்திருந்தது. ஜானகி பாட்டுப் பாடிய பெண் மலேசியா வாசுதேவன் குரலில் ஆரம்பித்தார். மளிகைக்கடை ரப்பர் பேண்டை மாட்டியதும் ஓரளவு தேறினார்.

ஆக்டோபேடில் எட்டுத் தட்டு. எதில் எந்தச் சத்தம் என்று பாட்டுக்குப் பாட்டு மாற்ற வேண்டும். தட்டுகிறவர் மறந்துவிட்டார் போல, தாலாட்டுக்கு நடுவே இரண்டு முறை கண்ணாடி உடைகிறது. பாட்டு முடிந்தும் கேசியோவில் டிஸ்கோ தாளம் நிற்கவில்லை. வாசித்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்தத் தாளத்திலேயே கமிட்டிக்காரர் மைக்கைப் பிடுங்கி, பாதையில் நிற்கும் டிவிஎஸ் 50-ஐ எடுக்கச் சொல்கிறார். வண்டி நம்பரைக்கூடத் தாளம் தப்பாமல் படிக்கிறார்.

ஆறாவது பாட்டின் சரணத்தில் கரண்ட் போகிறது. கீபோர்டு, பேட், மைக் மூன்றும் ஒரே நேரத்தில் வாயை மூடுகின்றன. நாயனமாக இருந்தால் இருட்டிலும் வாசித்திருப்பார்கள். நான் மேடையோரம் வைத்த டேப் மட்டும் நாலு கட்டை பேட்டரியில் ஓடுகிறது. பருத்திப்பால்காரர் கூவுகிறார். யாரோ செருப்பைத் தேடுகிறார். ஜெனரேட்டர் நான்கைந்து முறை செருமிவிட்டுத் தடதடக்கிறது. அதற்குக் கைதட்டல், எந்தப் பாட்டுக்கும் அவ்வளவு விழவில்லை.

கைதட்டலுக்குள் ஒரு குரல்: “டேப்ப அமத்துடா, பேட்டரி தீந்துரப் போகுது.”

“இருங்க சித்தப்பா.”

சின்ன வயதில் இந்த இடம் வந்தால் பட்டனை அமுக்கி ஓட்டிவிடுவேன். இப்போது நாலு தடவை பின்னால் ஓட்டிக் கேட்டேன். ரப்பர் பேண்ட் அறுந்தது. வேறு மாட்டினேன்.

மிச்சப் பாட்டையும் கேட்கலாமென்று பி பக்கம் திருப்பிப் போட்டேன். ‘திருவிளையாடல்’ ஒலிச்சித்திரம். கடைசிவரை.