முடிந்ததும் வரும்

அவனுக்குத் தட்டையாக வெட்டிய பொன்னிறத் தலைமுடி. இரவிலும் கழற்றாத கூலிங் கிளாஸ், சிவப்பு பனியன், வாயில் சுருட்டு. பெயர் டியூக் நியூக்கம். தொழில், வேற்றுக்கிரகவாசிகளைச் சுடுவது. உபதொழில், சுடுவதற்கு முன்னும் பின்னும் பஞ்ச் டயலாக் பேசுவது. அந்த டயலாக்கிலும் பல சொந்தச் சரக்கு இல்லை. ஜான் கார்ப்பென்டர் படத்திலும் 'ஆர்மி ஆஃப் டார்க்னெஸ்' படத்திலும் இருந்து சுட்டவை. ஊரையே சுடுகிறவன் நாலு வசனத்தைச் சுட்டால் என்ன என்று ரசிகர்கள் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள்.

இவனைப் பெற்றெடுத்தது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கார்லண்ட் என்ற ஊரில் இருந்த அபோஜி என்ற கணினி விளையாட்டுக் கம்பெனி. ஸ்காட் மில்லர் நிறுவனர், ஜார்ஜ் ப்ரூசார்ட் பங்குதாரர். மில்லரிடம் ஒரு வியாபார சூட்சுமம் இருந்தது. விளையாட்டின் முதல் பாகத்தைச் சும்மா கொடுத்துவிடு. ருசி கண்டவன் மீதியைக் காசு கொடுத்து வாங்குவான். வாங்கினார்கள். பணம் கொட்டியது. இந்தப் பணத்தைக் கொஞ்சம் கவனத்தில் வையுங்கள், கதையின் வில்லன் இதுதான்.

1991இல் வந்த முதல் டியூக், பக்கவாட்டில் ஓடிக் குதிக்கும் பொம்மைதான். அதே பெயரில் 'கேப்டன் பிளானட்' கார்ட்டூனில் ஒரு கெட்டவன் இருந்ததால், வழக்கு வந்துவிடுமோ என்று பயந்து கொஞ்ச காலம் பெயரின் எழுத்தைக்கூட மாற்றி வைத்துக்கொண்டார்கள். சந்து சந்தாக எதிரியைத் தேடி அடிக்கும் வீரன் வக்கீலுக்கு அஞ்சி எழுத்தை மாற்றிக்கொண்டது பிற்கால ரசிகர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமலிருந்ததே நல்லது.

1996 ஜனவரியில் 'டியூக் நியூக்கம் 3டி' வந்தது. கம்பெனி இப்போது 'த்ரீடி ரெல்ம்ஸ்' என்ற பெயரில் கடை விரித்திருந்தது. உள்ளே ஓடிய இன்ஜினை எழுதியவர் கென் சில்வர்மேன் என்ற இளைஞர். விளையாட்டு வெளியானபோது அவருக்கு இருபது வயதுதான். உண்மையில் அது முழு முப்பரிமாணமே இல்லை, கண்ணைக் கட்டும் வித்தை. ஆனால் வித்தை பிரமாதம். முதல் கட்டத்திலேயே ஒரு சினிமா தியேட்டருக்குள் நுழையலாம். கழிவறைக்குப் போய் நிஜமாகவே 'போகலாம்'. சுவிட்சைத் தட்டினால் விளக்கு அணையும். கண்ணாடி முன் நின்றால் டியூக் தெரிவான், தன்னைத்தானே பாராட்டிக்கொள்வான். கையில் பத்து ஆயுதம். அதில் ஒன்று எதிரியைச் சுண்டெலி அளவுக்குச் சுருக்கிவிடும். பிறகு பூட்ஸ் காலால் மிதித்துவிட்டு நடையைக் கட்டலாம். அந்தக் காலத்துத் துப்பாக்கி விளையாட்டுகளில் சுவர் என்றால் சுவர், கதவு என்றால் கதவு. இதில் மட்டும் கை பட்ட இடமெல்லாம் ஏதோ ஒன்று நடந்தது.

அடுத்த பாகத்துக்கு ரசிகன் என்ன எதிர்பார்த்தான்? இதே ஆள், இதே திமிர், இதே பத்துத் துப்பாக்கி, தட்டிப் பார்க்க இன்னும் நாலு சுவிட்ச். அவ்வளவுதான். இதைவிட மலிவான வேண்டுதல் விளையாட்டு உலக வரலாற்றில் இருந்திருக்க முடியாது. பதினான்கு வருடம் கழித்து எல்லாப் பழியும் 'ரசிகர்களின் அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு' தலையில் விழுந்தது. அது அபாண்டம் என்பது என் கட்சி.

1997 ஏப்ரலில் 'டியூக் நியூக்கம் ஃபாரெவர்' அறிவிக்கப்பட்டது. ஃபாரெவர் என்றால் என்றென்றும். பெயர் வைத்தவர் வாயில் சனி உட்கார்ந்திருந்தது அப்போது யாருக்கும் தெரியவில்லை. 'க்வேக் 2' என்ற விளையாட்டின் இன்ஜினில் செய்யப்போகிறோம் என்றார்கள். அந்த க்வேக் 2 கடைக்கு வந்ததே டிசம்பரில்தான். பிறக்காத குதிரைக்குச் சேணம் தைத்துவிட்டு, 1998இல் சவாரி என்று அறிவித்தவர்கள் இவர்கள்.

1998 மே, அட்லாண்டாவில் இ3 கண்காட்சி. டிரெய்லர் போட்டார்கள், கூட்டம் ஆர்ப்பரித்தது. அதே மாதத்தில் 'அன்ரியல்' என்ற இன்னொரு விளையாட்டு வெளியாகி, அதன் ஒளியும் பளபளப்பும் பார்த்தவர்களை மயக்கியது. மயங்கியவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் ப்ரூசார்ட். ஜூனில் அறிவிப்பு வந்தது: க்வேக்கை விட்டு அன்ரியல் இன்ஜினுக்கு மாறுகிறோம், பழைய நிலைக்கு வந்து சேர ஒரு மாதம், மிஞ்சினால் ஆறு வாரம் ஆகும். இது, கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு அஸ்திவாரத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு, சமையல்காரரை மட்டும் ஆறு வாரம் பொறுக்கச் சொல்வது மாதிரி. அந்த ஆறு வாரம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

அந்த ஆண்டு நவம்பரில் 'ஹாஃப்-லைஃப்' வந்தது. அதைச் செய்த வால்வ் கம்பெனிக்கு அதுதான் முதல் விளையாட்டு. பழைய க்வேக் இன்ஜினையே வெட்டி ஒட்டி வேலையை முடித்து, உலகத்தின் வாயை அடைத்தது. கையில் இருக்கும் கருவியை வைத்தே வேலையை முடிக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ப்ரூசார்ட் அதைப் பார்த்தபோது அவருக்கு வேறு பாடம் தெரிந்தது போலிருக்கிறது: நம்முடையது இதைவிடப் பெரியதாக இருக்கவேண்டும்.

இங்கேதான் அந்தப் பணம் வருகிறது. சாதாரணமாக விளையாட்டுக் கம்பெனி, வெளியீட்டாளரின் காசில் பிழைக்கும். வெளியீட்டாளர் மாதாமாதம் கழுத்தைப் பிடிப்பார், அந்தப் பயத்தில் ஏதோ ஒன்று வெளியே வந்துவிடும். கார்லண்டிலோ சொந்தக் காசில் சமையல் நடந்தது. 'போதும், இறக்குங்கள்' என்று சொல்ல உரிமையுள்ள ஆள் பூமியில் யாருமில்லை. எப்போது வரும் என்று கேட்டால் ஒரே பதில்தான்: முடிந்ததும் வரும். இதில் பொய் எதுவுமில்லை. அரசாங்கப் பாலத்துக்குக்கூட இதையே சொல்லலாம்.

ப்ரூசார்ட் சோம்பேறி இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சோம்பேறியாக இருந்திருந்தால் விளையாட்டு 1998இலேயே வந்திருக்கும். அவர் சந்தைக்கு வரும் புது விளையாட்டையெல்லாம் ஆர்வமாக ஆடுவார். ஆடி முடித்ததும் அதில் ஒரு அம்சம் டியூக்கிலும் வேண்டும் என்பார். அண்டார்டிகாவில் நடக்கும் 'தி திங்' விளையாட்டைப் பார்த்தபோது பனிக்கட்டங்கள் வேண்டுமென்று நச்சரித்தார் என்று அங்கே வேலை பார்த்த ஒருவர் பின்னாளில் 'வயர்டு' இதழிடம் சொன்னார். புது விளையாட்டு எதையும் அவர் கண்ணில் காட்டிவிடாதே என்பது ஊழியர்களின் பரிகாசமாகவே இருந்ததாம். சிரித்திருப்பார்கள், பாவம். மறுநாள் அதைச் செய்யப்போவதும் அவர்கள்தானே.

2001 இ3யில் இன்னொரு டிரெய்லர். இதுதான் உச்சம். லாஸ் வேகாஸ் நகரம், நடிக்கும் முகங்கள், ஓடும் வண்டிகள். பார்த்தவர்கள் கண்கலங்காத குறை. அப்படியே பெட்டியில் போட்டு விற்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. டிரெய்லருக்குப் பிறகு ஆறு வருடம், அசையும் படமாக எதுவுமே வரவில்லை.

இதற்கிடையில், அறிவிக்கப்பட்டும் வராத பொருட்களுக்கு 'வயர்டு' ஆண்டுதோறும் 'வேப்பர்வேர்' விருது கொடுத்துவந்தது. 2001இல் டியூக் முதலிடம். 2002இலும் முதலிடம். 2003இல் வாழ்நாள் சாதனையாளர் விருதையே கொடுத்துவிட்டார்கள். நடித்து ஓய்ந்த கலைஞருக்குப் பொன்னாடை போர்த்தி, இனி உட்காருங்கள் ஐயா என்று சொல்லும் கௌரவம் அது. நடிக்கவே தொடங்காதவருக்கு அது கிடைத்தது புதுமை. உட்காரவும் விடவில்லை, பிறகும் பட்டியலில் இழுத்து வைத்தார்கள்.

வெளியீட்டு உரிமை கைமாறி டேக்-டூ கம்பெனியிடம் வந்திருந்தது. 2003இல் அதன் தலைமை அதிகாரி, இந்த வருடமும் வராது என்று சொல்லி, 55 லட்சம் டாலரை நஷ்டக் கணக்கில் எழுதினார். வாயை மூடிக்கொண்டிருங்கள் என்ற பொருளில், ஆனால் அதைவிடக் காரமான சொற்களில், ப்ரூசார்ட் பகிரங்கமாகவே பதில் சொன்னார். 2006 முடிவதற்குள் கொடுத்தால் 5 லட்சம் டாலர் ஊக்கத்தொகை என்று டேக்-டூ ஆசைகாட்டிப் பார்த்தது. அந்தக் காசுக்காக அவசரப்பட மாட்டோம் என்று பதில் வந்தது. அவசரம் என்ற சொல் பத்தாவது வருடத்தில் இங்கே உச்சரிக்கப்பட்டதைக் கவனிக்கவும். த்ரீடி ரெல்ம்ஸ் நிறுத்தி வைத்திருந்த இன்னொரு பிள்ளையான 'ப்ரே' கூட, வேறொருவர் கையில் வளர்ந்து 2006இல் கரையேறிவிட்டது.

ரசிகர்கள் என்ன செய்தார்கள்? பட்டியல் போட்டார்கள். டியூக்கைவிடக் குறைந்த காலத்தில் மனிதகுலம் முடித்த காரியங்களின் பட்டியல். கென்னடி அறிவித்து எட்டே வருடத்தில் நிலாவுக்கு ஆள் போய்விட்டான். பீட்டில்ஸ் குழு முதல் இசைத்தட்டு போட்டு, உலகைப் பைத்தியமாக்கி, சண்டை போட்டுப் பிரிந்தது கூட இதற்குள் அடக்கம். ஜேம்ஸ் கேமரூனை நானே சேர்த்துக்கொள்கிறேன்: டைட்டானிக்கை மூழ்கடித்துவிட்டு, நிதானமாக அவதாரும் எடுத்துவிட்டார். காத்திருப்பவன் திட்டுவான், சாபமிடுவான் என்றுதான் நினைப்போம். இவர்கள் நகைச்சுவை இலக்கியமே படைத்தார்கள். டியூக்கின் பெயரில் அந்தப் பதினான்கு வருடத்தில் வெளியான தரமான சரக்கு அது ஒன்றுதான்.

2009 மே 6 அன்று காசு தீர்ந்தது. சொந்தப் பணம் 2 கோடி டாலருக்கு மேல் கரைந்திருந்தது. குழுவை வீட்டுக்கு அனுப்பினார்கள். டேக்-டூ வழக்குப் போட்டது. வேலை போனவர்களில் சிலர், யாரும் கேட்காமலே, வீட்டில் உட்கார்ந்து மிச்ச வேலையைத் தொடர்ந்தார்கள். இந்தப் புராணத்தில் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுவது அவர்களை மட்டும்தான். பிறகு, ஒரு காலத்தில் அதே கூடாரத்தில் வேலை பார்த்த ராண்டி பிட்ச்ஃபோர்டின் கியர்பாக்ஸ் கம்பெனி டியூக்கை விலைக்கு வாங்கியது. 2010 செப்டம்பரில் சியாட்டிலில் நடந்த பாக்ஸ் விழாவில் ஆடிப்பார்க்கவே வைத்தார்கள்; ஜனம் மணிக்கணக்கில் வரிசையில் நின்றது. 2011 மே 3 என்று நாள் குறித்தார்கள். அதையும் ஜூனுக்குத் தள்ளிவைத்தார்கள். மரபு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

2011 ஜூனில் வந்தேவிட்டது. 1997இல் பதினைந்து வயதாக இருந்தவனுக்கு இப்போது இருபத்தொன்பது. கல்யாணமாகி, கடனாகி, அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தான். தொடக்கக் காட்சியே டியூக் சிறுநீர் கழிப்பது. கழிவறையிலிருந்து மலத்தைக் கையில் எடுத்து வீசவும் வசதி உண்டு. ஒரு சிறுவன் நீட்டும் புத்தகத்தில் கையெழுத்துப் போடலாம். கண்ணாடி இருந்தது, சுவிட்ச் இருந்தது.

துப்பாக்கி? இரண்டு.

பத்து ஆயுதத்தோடு அலைந்தவன் கையில் இரண்டே இரண்டு. 2001இல் 'ஹேலோ' கிளப்பிவிட்ட பழக்கம் அது. இடையில் வந்த எல்லா விளையாட்டையும் ஒருவர் ஆடித் தீர்த்தால் இப்படித்தான் ஆகும். ஹேலோ நாயகனின் கவச உடையைக் கேலி செய்து டியூக் ஒரு வசனம் வேறு பேசுகிறான். கேலி செய்துவிட்டு, அடிபட்டால் மறைந்து நின்று உடம்பைத் தேற்றிக்கொள்வதையும் ஹேலோவிடமே கடன் வாங்கியிருக்கிறான். ஒரு கட்டம் ஆரம்பிப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம், அப்படியொரு லோடிங். சிறைபிடிக்கப்பட்ட பெண்களை வைத்து ஒரு கட்டத்தில் வரும் ஜோக்குகள் எந்த ஆண்டிலும் சிரிக்கத் தக்கவை அல்ல. 1996இன் விடலைக் குறும்பு என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. விமர்சகர்களின் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக்கில் நூற்றுக்கு ஐம்பது சொச்சம். விளம்பரத்தைக் கவனித்த நிறுவனம் ஒன்று, திட்டி எழுதியவர்களுக்கு இனி விளையாட்டு அனுப்புவதா என்று யோசிப்போம் என்று கொதித்தது. டேக்-டூவின் வெளியீட்டுப் பிரிவான 2கே அந்த நிறுவனத்தையே கழற்றிவிட்டது.

சில மாதங்களில் கணினிக்காரர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம் வந்தது: இனி நான்கு துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். பதினான்கு வருடப் பேரத்தில் பத்து நாலில் படிந்தது.

2022 மே மாதம் யாரோ ஒருவர் அந்த 2001 டிரெய்லர் காலத்துப் பிரதியை இணையத்தில் கசியவிட்டார். அரைகுறைதான். ஆனால் உள்ளே வேகாஸ் இருந்தது, ஆயுதங்கள் இருந்தன, ஆடவும் முடிந்தது. ரசிகர்களே சம்பளமில்லாமல் அதைச் செப்பனிடத் தொடங்கினார்கள். பாத்திரத்தை அப்போதே அடுப்பிலிருந்து இறக்கியிருந்தால் அவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. ரசிகன் கேட்டது சின்ன விஷயம். அதைப் பெரிதாக்கியே தீருவேன் என்று நின்றது ஒற்றை மனிதரின் ஆசையும், அதைத் தடுக்க ஆளில்லாத வங்கிக் கணக்கும்தான்.

டியூக்கைப் பார்க்க உங்களுக்கு ஆசை வந்திருந்தால் 1996இல் வந்ததையே ஆடுங்கள். பத்துத் துப்பாக்கியும் இருக்கிறது, லோடிங்கும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.