தங்கமே தங்கம்

சர்க்யூட் போர்டுக்கு எந்த ஃபினிஷ் என்று பேச்செடுத்தால், மீட்டிங்கில் முதலில் வாய் திறப்பவர் பர்ச்சேஸ்காரர்: "எது சீப்?" அடுத்தது மார்க்கெட்டிங்: "எது பளபளப்பு?" சால்டர் பிடிக்குமா என்பதை டீ ஆறுவதற்குள் முடிந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பளபளப்புக் கட்சி ஜெயித்தால் எனிக். நிக்கல் மேல் தங்கம், கனம் 0.05 மைக்ரான் சொச்சம். கவரிங் வளையல் விற்பவரே கூச்சப்படுவார். அந்தத் தங்கமும் ரீஃப்ளோ அடுப்பில் சில நொடிகளில் சால்டருக்குள் கரைந்துவிடும். சால்டர் ஒட்டுவது அடியிலுள்ள நிக்கலோடுதான். அதுவரை நிக்கலில் ஆக்சைடு படியாமல் காப்பதே தங்கத்தின் உத்தியோகம். தங்கக் குளியலிலேயே நிக்கல் அளவுக்கு மீறி அரிக்கப்பட்டிருந்தால் வருவது பிளாக் பேட். ஜாயின்ட் பார்க்க லட்சணமாக இருக்கும். ஐசியை லேசாக நெம்பினால் சால்டரோடு கழன்று வரும், அடியில் கறுத்த நிக்கல். உடனே சால்டரிங் லைன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "டெம்பரேச்சரைக் கூட்டுப்பா" என்பார்கள்.

சிக்கனக் கட்சி ஜெயித்தால் ஹாசல், அதாவது உருக்கிய சால்டர் பூச்சு. நன்றாகவே ஒட்டும், மேடுபள்ளம்தான் கொஞ்சம், பொடிக்கால் ஐசி நொண்டியடிக்கும். ஓஎஸ்பி என்கிற கரிமப் பூச்சு சமதளமாக இருக்கும். வெறுங்கையால் தொட்டால் போச்சு. வெள்ளி முலாம் போர்டுகளை ஸ்டோர்காரர் அக்கறையாக ரப்பர் பேண்ட் போட்டு அடுக்குவார். ரப்பரிலுள்ள கந்தகம் பட்டு கோடு கோடாகக் கறுக்கும். சப்ளையருக்குக் காட்டமாக ஒரு மெயில் பறக்கும், ரப்பர் பேண்டும் சேர்ந்து விழுந்த போட்டோவோடு.